பக்கத்து இருக்கையின் பிரேக்

வாலு பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். விரல் பக்கத்தின் கடைசி வரியைத் தொட்டுவிட்டது. வாய் இன்னும் பாதிப் பாடத்தில் இருந்தது.

மகள் வாசிக்கிற நேரத்தில் கண்ணை மூடிக் கேட்டு ரசிப்பதுதான் அப்பாவின் வழக்கம். அன்று காலணிக்குப் பாலிஷ் போட வேண்டியிருந்ததால் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அதனால் வந்த வினை. விரல் புத்தகத்தைவிட்டு இறங்கி, மேசை விளிம்புக்கு வந்து நின்று, வாய்க்காகக் காத்திருந்தது. வாய் கொஞ்சமும் அவசரப்படாமல், ஏற்ற இறக்கத்தோடு, மழையில் குடையைத் தொலைத்த பையனின் கதையை முடித்தது. முடித்த கையோடு வாலு பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தாள்.

அருமை என்றார் அப்பா. புத்தகத்தை வாங்கி அடுத்த பாடத்தைத் திருப்பிக் கொடுத்தார். வாலு மறுபடி விரலை வைத்தாள். அதே பையன் அதே குடையை மறுபடியும் தொலைத்தான். அந்தப் பக்கத்துப் படத்தில் ஒரு பசுமாடு நின்றுகொண்டிருந்தது.

அப்பா பயந்துபோய்ப் பாலிஷ் டப்பாவை மூடி வைத்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயம் அவருக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் பயத்தில்தான் பிழைப்பே ஓடியது. அவருடைய காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் எதிரே வரும் லாரியை நோக்கி ஆசை ஆசையாகப் போகும்போது, மாஸ்டர் இந்தப் பக்கம் இருந்தபடி மிதிப்பார். வண்டி நின்றுவிடும். பிறகு திட்டுவார். திட்டுவதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. பெற்றவர்கள்கூட ஏறாத காரில் எத்தனையோ பேருடன் ஏறி, அத்தனை பேரையும் முழுசாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். மூன்றாம் வகுப்புக்குப் போகப்போகிற சொந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது என்று தெரிந்த அன்றைக்கு, மிதிப்பதற்குக் காலடியில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் தெருமுனை அரசுப் பள்ளிக்குப் போனார். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள். நடுவில் ஒரு பீரோ. ஆசிரியை ஒருவர்தான். பீரோவுக்கு இந்தப் பக்கம் கணக்குச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் அதட்டிவிட்டு வந்தார். கெட்ட மனுஷி அல்ல. வாலுவின் அப்பா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க பொண்ணு இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்னே தெரியல சார். அவதான் எல்லாத்துக்கும் வாசிச்சுக் காட்டறா. அவ ஒரு வரி சொல்லுவா, மத்ததுங்க திருப்பிச் சொல்லும். சத்தம் உங்க வீட்டுக்கே கேக்குமே."

கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாஸ்டர் பல நாள் பூரித்துப் போயிருக்கிறார். இப்போது அதே சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. வாசிக்கத் தெரியாத ஒருத்தி சொல்லச் சொல்ல, வாசிக்கத் தெரியாத ஒரு வகுப்பே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் போகிறது. ஓட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவர், பீரோவுக்கு அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டு ஆசிரியை ஓடியதும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்கள் கோழி கிளறியதுபோல் எழுதித் தருவதையெல்லாம் ஒரு பார்வையில் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவள் மகளைக் கூப்பிட்டு, இருமல் மருந்து பாட்டிலைக் காட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். வாலு பாட்டிலை மேலும் கீழும் பார்த்து, "இருமல் மருந்துன்னு போட்டிருக்கு," என்றாள். நிறத்தை வைத்துச் சொன்னது; சீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. மனைவி அழவில்லை. பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். மாஸ்டருக்கு அது அழுகையைவிடப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு அரசுப் பள்ளி உண்டு. அங்கே நிஜமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்வி. ஆனால் இரண்டு பேருந்து மாறி, பெரிய சாலையைத் தாண்டிப் போக வேண்டும். அந்தச் சாலையில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் கற்றவர்கள். அதனாலேயே அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டயர் கடை மாடியில் ஒரு தனியார் பள்ளி இருந்தது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த மனைவி, கீழே டயர் மாற்றுகிற வேகத்தில் மேலே டீச்சரை மாற்றுகிறார்கள் என்றாள். வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டில் விடலாமா என்று அவளே ஆரம்பித்தாள். அம்மாவின் காதைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்காத பிள்ளை, அங்கே யார் காதைப் பிடிக்கும் என்று அவளே கேட்டு அவளே விட்டுவிட்டாள். வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது என்று முடிவாகி, மாஸ்டர் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தார். வண்டியில் திட்டுகிற வாய் வீட்டில் சும்மா இருக்குமா. வாலு புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, இனி வாசிக்கச் சொன்னால் சாப்பிட மாட்டேன் என்று அறிவித்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது மணிக்கூண்டுப் பள்ளி. அங்கே சேர்ந்த பிள்ளை தேறாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. அதனால் இடமும் இல்லை. இடம் இருந்தாலும் முதலில் பிள்ளைக்கு ஒரு வாசிப்புத் தேர்வு வைப்பார்கள். குடையைத் தொலைத்த பையனை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

இந்த நிலைமையில்தான் மணிக்கூண்டுப் பள்ளியின் தலைமையாசிரியை கார் ஓட்டக் கற்றுக்கொள்ள மாஸ்டரிடம் வந்து சேர்ந்தார்.

செய்தி கேட்டதும் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். "என்னங்க, நல்லாக் கேட்டுக்குங்க. அவங்களைத் திட்டிடாதீங்க. எங்க போய் இடிச்சாலும் திட்டாதீங்க. நம்ம புள்ளைய நினைச்சுக்குங்க."

மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். ஓட்டுகிற இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் வகுப்புக்குள் நுழைந்த மாதிரி சாலையை ஒருமுறை முறைத்துப் பார்த்தார். சாலை எழுந்து நிற்கவில்லை. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. குறுக்கே வருகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்று முழுமனதோடு நம்பினார். வாழ்நாள் முழுக்க ஒதுங்கியிருக்கிறார்கள். கிளட்சை மறந்தார். பிரேக்கை எப்போதாவது நினைத்துக்கொண்டார். முதல் நாளே ஒரு பழவண்டியை நோக்கி நேராகப் போனபோது மாஸ்டர் வாயைத் திறந்தார். மகளை நினைத்துக்கொண்டு மூடினார். சத்தம் போடாமல் தன் பக்கத்து பிரேக்கை மெல்ல, மிக மெல்ல, பூப்போல மிதித்தார். வண்டி பழங்களுக்கு முன்னால் பணிவாக நின்றது.

"நின்னுடுச்சு பாருங்க," என்றார் தலைமையாசிரியை, தன் காலைப் பெருமையாகப் பார்த்தபடி.

"நல்லா நிறுத்தினீங்க மேடம்," என்றார் மாஸ்டர்.

அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அதன்பிறகு பின்வாங்க வழியில்லை. ஒவ்வொரு காலையும் மாஸ்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவருக்காக ஓட்டினார். திருப்பத்தில் ஸ்டியரிங்கின் அடியில் இரண்டு விரலைக் கொடுப்பார். கியர் மாற்றும்போது தன் பக்கத்துக் கிளட்சை அமுக்குவார். இரண்டும் ஒரே கம்பியில் இணைந்தவை என்பதால் அந்தப் பக்கத்துப் பெடலும் கூடவே இறங்கும். தலைமையாசிரியைக்கு அதில் ஒரு பரவசம். கால் தானாகவே போகிறது, பழகிவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி வியந்தார். தன் வயதில் இவ்வளவு சீக்கிரம் பிடிபடும் என்று அவரே எதிர்பார்க்கவில்லையாம். மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் வண்டியைவிட்டு இறங்கும்போது தலைமையாசிரியை தானாகவே குழந்தையைப் பற்றிக் கேட்டார். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கப் போனபோது மனைவி காதில் போட்டிருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் ஒரு இடம் இருக்கிறது, பள்ளி திறக்கும் நாளில் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். வாசிப்புத் தேர்வு இருக்குமாமே என்று மாஸ்டர் தயங்கித் தயங்கி இழுத்தார். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அவர் இருமுறை ஹாரனை அடித்து மகிழ்ந்தார்.

ஓட்டுநர் தேர்வும் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி கற்றுக்கொடுத்தவர் பக்கத்து இருக்கையிலும் தேர்வு அதிகாரி பின்னாலும் உட்கார வேண்டும், அதிகாரிகளும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே. மாஸ்டர் அன்று ஓட்டியதுபோல் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. அதிகாரி பின்னாலிருந்து தலைமையாசிரியையின் நிதானத்தைப் புகழ்ந்தார். உரிமம் கிடைத்துவிட்டது.

மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டார். உரிமம் வாங்கியவர்கள் எல்லோரும் ஓட்டுகிறார்களா என்ன? பாதிப் பேர் அலமாரியில்தான் வைக்கிறார்கள். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அது போதும்.

அந்த வார இறுதியில் தலைமையாசிரியை புதுக் கார் வாங்கினார். மருந்துக்கடைக்கு வந்து அவரே மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: உங்கள் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறேன், பள்ளி திறந்ததும் தினமும் காலையில் குழந்தையை நானே ஏற்றிக்கொள்கிறேன், நீங்கள் அலைய வேண்டாம்.

மனைவி தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள். மாஸ்டர் உடனே மறுத்தார். பேருந்தில் அனுப்பலாம் என்றார். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். கொஞ்ச நாள் போகட்டும் என்றார். எதற்கும் காரணம் சொல்லவில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரிய மனுஷி ஒருத்தர் இவ்வளவு தூரம் இறங்கி வரும்போது அதில் என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னார். முதல் நாள் பழவண்டியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப நீங்களும் கூட உக்காந்து போங்க," என்றாள் கடைசியில்.

"அவங்க வண்டில என் பக்கம் பெடல் கிடையாதும்மா."

மறுநாள் தலைமையாசிரியையிடமிருந்து அழைப்பு. வண்டி தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, கடைக்காரரே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார், முதல் சவாரிக்குக் குருவும் சிஷ்யையின் புது மாணவியும் வர வேண்டும் என்றார். மாஸ்டர் தனியாகத்தான் கிளம்பினார். ஆனால் வாலு அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். புதுக் காரில் யாருக்காவது ஆசை இல்லாமல் இருக்குமா. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று மாஸ்டர் மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு ஒத்திகையிலும் முடிவில் மகளுக்கு இடம் போனது.

அங்கே அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் வாலு ஓடிப்போய் பின்சீட்டில் ஏறிவிட்டாள். தலைமையாசிரியை ஏற்கெனவே ஸ்டியரிங் முன்னால் இருந்தார், கண்ணாடியில் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. வண்டி ஒரு சரிவில் நின்றது. சரிவின் அடியில் சாலை. சாலையில் போகிற வருகிற வண்டிகள். சாவியில் கை வைத்திருந்தார்.

மாஸ்டர் வண்டியை நோக்கி ஓடினார். பின்கதவைத் திறந்தார். "இறங்கு" என்றார். வாலு மாட்டேன் என்றாள். அவர் அவளைத் தூக்கி வெளியே எடுத்து, மதில் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி, அசைந்தால் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். தலைமையாசிரியை புருவத்தை உயர்த்தினார்.

மாஸ்டர் முன்னால் ஏறி உட்கார்ந்து, நேரே பார்த்தபடி சொன்னார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியாது மேடம்."

தலைமையாசிரியை சிரித்தார். தான் தேர்வில் பாஸ் ஆனதை நினைவூட்டினார். அதிகாரி புகழ்ந்ததையும் சேர்த்துக்கொண்டார். பிறகு, மாணவர்கள் வளர்ந்துவிட்டதை ஏற்க முடியாத ஆசிரியர்களைத் தானும் பார்த்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினார்.

மாஸ்டர் தடுக்கவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மதிலோரம் நிற்கிற மகளை ஒருமுறை பார்த்தார். நல்ல வேளையாகச் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு வேலிச்செடி இருந்தது. கைபிரேக்கை எடுத்ததும் வண்டி குதித்தது, அணைந்தது, தானாகவே கீழே உருள ஆரம்பித்தது. தலைமையாசிரியை கால் தானாகப் போகட்டும் என்று காத்திருந்தார். கால் போகவில்லை. சாலையில் ஒரு பால்வண்டி வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து இழுத்து, கைபிரேக்கைத் தூக்கினார். புதுக் கார் வேலிச்செடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. இலைகள் கண்ணாடியை மூடிவிட்டன. பால்வண்டி ஒன்றும் அறியாமல் கடந்து போனது.

தலைமையாசிரியை தன் காலைக் குனிந்து பார்த்துக் கேட்டார்: "அப்ப இத்தனை நாளா போனது யார் கால்?"

"என் கால்."

"பரீட்சையிலயும்?"

"பரீட்சையிலயும்."

தலைமையாசிரியை ஸ்டியரிங்கை விடவில்லை. இதைத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நாளைக்கு ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு போயிருப்பேனே என்றார். அந்தக் குழந்தை யார் என்பது சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் இனி மறைக்க ஒன்றுமில்லை என்று மகளைப் பற்றியும் சொன்னார். விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போனதைச் சொன்னார். அவளுக்கு ஒரு எழுத்துகூட நிச்சயமாகத் தெரியுமா என்று தனக்குத் தெரியாது என்றார்.

தலைமையாசிரியை இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் வகுப்புல உக்கார வெச்சா அவ பாஸ் ஆயிடுவா மாஸ்டர். பரீட்சைக்குப் பக்கத்துல ஒரு டீச்சர் நிப்பாங்க. எங்ககிட்ட யாரும் பெயில் ஆறதில்ல, கேட்டிருப்பீங்களே."

கேட்டிருக்கிறார். இப்போதுதான் புரிந்தது. பீரோ இல்லாத, சுத்தமான, மின்விசிறி சுற்றுகிற ஒரு அறையில் தன் மகள் ஆண்டுக்கணக்காகக் குடையைத் தொலைத்துக்கொண்டே மேலே மேலே போவது கண்முன் தெரிந்தது.

"வேற வழி?" என்றார்.

ஒன்றாம் வகுப்பு என்றார் தலைமையாசிரியை. தன் பள்ளியில் அவர் கூச்சமில்லாமல் காட்டக்கூடிய ஒரே வகுப்பு அதுதானாம். அங்கே ஒரு சின்னப் பெண் டீச்சராக இருக்கிறாள், எழுத்தைப் பிடிபட வைக்காமல் விடமாட்டாள். அந்த வகுப்புக்குப் பரீட்சையும் கிடையாது, அதனால் யாரும் பக்கத்தில் போய் நிற்பதில்லை. ஆனால் வாலு தன்னில் பாதி உயரப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அழுவாள். சொந்தபந்தம் சிரிக்கும். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றவர், சற்றுப் பொறுத்து, "என்னையும் முதல்ல இருந்து திட்டிச் சொல்லிக்கொடுங்க," என்றார்.

மாஸ்டர் யோசிக்கவில்லை. யோசித்தால் மாட்டேன் என்று சொல்லிவிடுவோமோ என்று பயம். சரி என்று தலையாட்டிவிட்டு, இலைகளை விலக்கிக்கொண்டு இறங்கினார். மதிலோரத்தில் வாலு கொஞ்சமும் அசையாமல் அப்படியே நின்றிருந்தாள்.

வீட்டில் மனைவி ஒன்றாம் வகுப்பா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். பிறகு சீருடையின் கீழ்மடிப்பைப் பிரித்து நீளமாக்க உட்கார்ந்தாள். வாலுதான் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. பழைய பள்ளியில் அவள் வகுப்புக்கே வாசித்துக்காட்டியவள்.

பள்ளி திறந்த காலையில் மாஸ்டர் ஒன்றாம் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே நின்றார். பெற்றவர்கள் அங்கே நிற்கக் கூடாது; தலைமையாசிரியையே பக்கத்தில் நின்றதால் யாரும் விரட்டவில்லை. உள்ளே குட்டிப் பெஞ்சுகள். நடுவில் வாலு, தெருவிளக்குக் கம்பம்போல. பிள்ளைகள் அவளை அண்ணாந்து பார்த்தார்கள். இளம் ஆசிரியை பலகையில் ஒரு சொல்லை எழுதி, படம் ஒன்றும் காட்டாமல் திரும்பினார். பழக்கதோஷம், வாலு உரத்த குரலில் எதையோ ஆரம்பித்தாள். வகுப்பு திருப்பிச் சொல்லத் தயாரானது. ஆசிரியை கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டு, அவளை மட்டும் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

வாலு பலகையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

படகு. மாஸ்டரின் நாக்கு நுனியில் சொல் வந்து நின்றது. உதட்டை லேசாக அசைத்தால் போதும். மகள் கெட்டிக்காரி, பிடித்துக்கொள்வாள்.

"வாயைத் திறந்தீங்க, வெளிய அனுப்பிடுவேன்," என்றார் தலைமையாசிரியை மெதுவாக.

மாஸ்டர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். உள்ளே சத்தமே இல்லை. வகுப்புகள் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அழப்போகிறாள் என்று நினைத்தார். எழுந்து ஓடிவரப்போகிறாள் என்று நினைத்தார். நாளையிலிருந்து வரவே மாட்டாள், எல்லாம் போச்சு என்று நினைத்தார்.

"தெரியல டீச்சர்," என்றாள் வாலு.

அந்த வார்த்தையை மகள் வாயிலிருந்து அவர் இதற்குமுன் கேட்டதில்லை. யாரும் சிரிக்கவில்லை, உள்ளே யாருக்குமே தெரியாது. ஆசிரியை, பக்கத்தில் வந்து பார் என்று கூப்பிட்டார். வாலு எழுந்தாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது. தேய்த்துக்கொண்டே பலகையை நோக்கி நடந்தாள்.